சத்துவாச்சாரி மாடி டியூஷன்: பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குக்குச் சேர்க்கலாமா?

எனக்கு வேலூர் சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை. பதினோரு வருடமாக இந்தப் பக்கத்து டியூஷன்களின் நோட்ஸ், கொஸ்டின் பேப்பர், முக்கியக் கேள்விப் பட்டியல் எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகின்றன. அதனால் ஒரு டியூஷனில் என்ன நடக்கிறது என்று உள்ளே போகாமலேயே பாதி சொல்லிவிடுவேன். சில இடத்து நோட்ஸ் முந்நூறு பக்கம் இருக்கும், ஒவ்வொரு கணக்கும் கடைசி வரி வரைக்கும் போட்டே இருக்கும், பிள்ளைகள் செய்யவேண்டிய வேலை மனப்பாடம் ஒன்றுதான். நான் இப்போது எழுதப்போகிற டியூஷனிலிருந்து வருகிற பேப்பரில் கேள்வி மட்டும் இருக்கும், மீதிப் பக்கம் வெள்ளையாக இருக்கும். முதலில் பார்த்தபோது, ஏதோ ஒரிஜினலில் பாதி விட்டுப்போய்விட்டது என்று நினைத்து சாருக்கே போன் போட்டேன். "அது அப்படித்தாங்க, பசங்க எழுதட்டும்" என்றார். என் பெண்ணை அங்கே சேர்க்கலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

டியூஷன் பெயரை இங்கே போடவில்லை. சார்தான் வேண்டாம் என்றார், இருக்கிற நாற்பது பேருக்கே பெஞ்ச் பத்தவில்லையாம். கடைப் பக்கம் வந்து கேட்டால் வழி சொல்கிறேன்.

முதலில் என் பெண் கதை. பத்தாம் வகுப்பில் வேறு ஒரு பெரிய இடத்தில் படித்தாள், அதன் பெயரும் வேண்டாம். கணக்கில் 91 வாங்கினாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கேசரி எல்லாம் செய்தோம். ஆனால் அந்த 91 எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பத்தாம் வகுப்புப் பேப்பர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குப் புரியும்: 14 ஒரு மார்க், 14 இரண்டு மார்க்கில் பத்து எழுதினால் போதும், 14 ஐந்து மார்க்கிலும் பத்து எழுதினால் போதும், கடைசியில் வடிவியல் ஒன்று, கிராப் ஒன்று, இரண்டும் சேர்ந்து 16 மார்க். தொடுகோடு வரைவதும், முக்கோணம் வரைவதும், கிராப் போடுவதும் கை பழகினால் வந்துவிடும். புத்தகத்தில் மொத்தம் எட்டு பாடம். அதை ஒரு வருடம் முழுக்கத் திருப்பித் திருப்பி எழுத வைத்தால் சுமாரான பிள்ளையும் 80 தாண்டும். நான் குறைத்துச் சொல்லவில்லை, எழுதுகிற பழக்கம் நல்லதுதான். ஆனால் அந்த மார்க்கை நம்பி பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப் எடுத்த முதல் மாதமே, பள்ளி டெஸ்ட்டில் 50க்கு 11 வாங்கிக்கொண்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிளஸ் ஒன் போகிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு நான் சொல்ல வருவது இதுதான், முதல் மூன்று மாதம் மார்க் விழும். எல்லோருக்கும் விழும். பத்தாவது புத்தகத்துக்கும் பிளஸ் ஒன் புத்தகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு படி இல்லை, ஒரு மாடி. இரண்டு தொகுதி, பன்னிரண்டு பாடம். கணங்கள், சார்புகள் என்று தெரிந்த பெயரில் ஆரம்பிக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும், பிறகு முக்கோணவியல் வரும்போது மூச்சு வாங்கும், இரண்டாம் தொகுதியில் எல்லை, வகையிடல், தொகையிடல் என்று இதுவரை கேள்விப்படாத சமாச்சாரம் வரிசையாக வந்து நிற்கும். சில பிள்ளைகள் ஆகஸ்ட் மாதமே குரூப் மாற்றித் தரச் சொல்லி ஆபீஸ் ரூம் வாசலில் நிற்பார்கள். என் பெண்ணும் கேட்டாள். "காமர்ஸ் போறேம்பா" என்றாள். அங்கேயும் வணிகக் கணிதம் இருக்கிறது என்று சொன்னதும்தான் அமைதியானாள்.

சரி, டியூஷனுக்கு வருகிறேன். ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஹால், இரும்புப் படிக்கட்டு. சித்திரை வெயிலில் அந்தப் படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட முடியாது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூன்று ஃபேன், அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும். சார் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், ஆனால் போர்டில் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

சேர்ந்த முதல் வாரம் பாடமே நடத்தவில்லை. பின்னம், அடுக்குக்குறி, காரணிப்படுத்தல் என்று எட்டாவது ஒன்பதாவது கணக்கையே போடவைத்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், மாதம் 1,200 ரூபாய் கொடுத்து எட்டாவது பாடமா என்று. அந்த வாரத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். ரூட் எக்ஸ் ஸ்கொயர் என்றால் எக்ஸ் என்று என் பெண் எழுதியிருந்தாள், பக்கத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி. கீழே சார் கையெழுத்தில், எக்ஸுக்கு மைனஸ் 3 போட்டுப் பார். அவள் போட்டிருக்கிறாள்: மைனஸ் 3 ஸ்கொயர் 9, ரூட் 9 என்றால் 3. மைனஸ் 3 உள்ளே போனது, வெளியே வந்தது பிளஸ் 3. அப்படியானால் விடை எக்ஸ் இல்லை, எக்ஸின் மட்டு மதிப்பு, அதாவது மைனஸ் குறியை எடுத்துவிட்ட அளவு. அடியில் அவளே "அய்யோ" என்று எழுதி ஒரு பொம்மை வரைந்திருந்தாள். பத்தாவது வரைக்கும் இந்தத் தப்பை யாரும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்தத் தப்போடேயே 91 வாங்க முடிந்தது. பிளஸ் ஒன்னில் இரண்டாவது பாடமே இந்த மட்டு மதிப்பை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது. அங்கே சறுக்கினால் அதன் பிறகு போர்டில் போடுவதை வேடிக்கைதான் பார்க்கமுடியும்.

வகுப்பு எப்படி என்றால், சார் ஒரு கணக்குப் போடுவார், அடுத்ததைப் பிள்ளைகள் போடவேண்டும், அவர் பெஞ்சுக்குப் பெஞ்ச் நடப்பார். இவ்வளவுதான் முறை. யாராவது மூன்றாவது வரியில் தப்பு விட்டால் அவர் விடையைச் சொல்லமாட்டார், "மூணாவது வரி, திரும்பப் படி" என்பார். அது தெரியும் வரைக்கும் நகரமாட்டார். இதனால் வேகம் குறைவு, அதை மறைக்கப்போவதில்லை. மற்ற இடங்களில் செப்டம்பரில் முதல் தொகுதி முடிந்துவிடும், இங்கே காலாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்ட பிறகும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. பள்ளியில் நடப்பது ஒரு பாடம், டியூஷனில் நடப்பது வேறு பாடம் என்று என் பெண் நிறைய நாள் குழம்பினாள்.

ஒரு நாள் ஞாயிறு டெஸ்ட் பேப்பர்க் கட்டைக் கொடுக்க நானே மேலே போனேன். பிளஸ் டூ வகுப்பு நடந்துகொண்டிருந்தது, சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு. மேசை மேல் சாருக்கு வந்த டீ. அதைக் காட்டியே கேட்டார்: "டீ 80 டிகிரி, ரூம் 30 டிகிரி. அஞ்சு நிமிஷத்துல 60க்கு இறங்கிடுச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் கழிச்சு எவ்ளோ?" மொத்த ஹாலும் 40 என்றது. நானும் வாசலில் நின்று மனசுக்குள் 40 என்றுதான் சொன்னேன். "அப்போ அதுக்கும் அடுத்த அஞ்சு நிமிஷத்துல 20 ஆயிடுமா? ரூமே 30ல இருக்கு, ரூமை விடக் குளிர்ந்துடுமா டீ?" என்றார். சிரிப்பு. பிறகு பின் பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணைக் காட்டி, "நீ சொல்லும்மா, டீக்கும் ரூமுக்கும் நடுவுல முதல்ல எவ்ளோ வித்தியாசம்?" அந்தப் பெண் 50 என்றாள். அஞ்சு நிமிஷம் கழித்து? 30. ஐம்பதில் முப்பது என்றால் ஐந்தில் மூன்று பங்கு. அடுத்த ஐந்து நிமிடத்திலும் அதே ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும், முப்பதில் அது 18. ரூம் 30, அதோடு 18, ஆக 48 டிகிரி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் நியூட்டனின் குளிர்தல் விதி என்று போர்டில் எழுதி, வகைக்கெழு, தொகையிடல், அடுக்குக்குறிச் சார்பு என்று ஃபார்முலாவைப் போட்டார். புத்தகத்தில் இருக்கிற மாதிரிக் கணக்குதான். "மே மாசம் ரூமே 40 டிகிரி சார், டீ எப்போ ஆறும்?" என்று ஒரு பையன் கேட்டான். "அத்த போட்டுக்கினு நாளைக்கு வா" என்றார். அந்த டீயை மட்டும் அவர் குடிக்கவே இல்லை.

அணைக்கட்டு, ஊசூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிற தமிழ் மீடியம் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த விஷயம். பல டியூஷன்களில் தமிழ் மீடியம் என்றாலே தனி பேட்ச், இல்லாவிட்டால் இடமே இல்லை. இவர் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்வார், அணி மேட்ரிக்ஸ், அணிக்கோவை டிடர்மினன்ட், நேர்மாறு இன்வர்ஸ் என்று. என் பெண் இங்கிலீஷ் மீடியம், இருந்தாலும் காம்ப்ளக்ஸ் நம்பருக்குக் கலப்பெண் என்ற சொல் அவளுக்குத் தெரியும். காலேஜில் முதல் செமஸ்டரில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த தோழிக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம், கடையில் தினமும் யாராவது ஒருவர் சொல்லிக் கேட்கிறேன்: "பிளஸ் ஒன்னுக்குத்தான் பப்ளிக் எடுத்துட்டாங்களே அண்ணே, எதுக்கு டியூஷன், நேரா பிளஸ் டூவுல சேத்துக்கலாம்." 2025-26லிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை, உண்மைதான். இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்கும் பிளஸ் டூ மார்க் மட்டும்தான் பார்க்கிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் பிளஸ் டூ இரண்டாம் தொகுதியில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடு, தொகை நுண்கணிதத்தின் பயன்பாடு என்று இருக்கிறதே, எதன் பயன்பாடு அது? பிளஸ் ஒன்னில் படித்ததன் பயன்பாடு. அதைப் படிக்காமல் வந்தவனுக்கு அங்கே பயன்படுத்த என்ன இருக்கும்? வெக்டரும் அப்படித்தான், பகுமுறை வடிவியலும் அப்படித்தான், பிளஸ் ஒன்னில் விட்ட இடத்திலிருந்துதான் பிளஸ் டூவில் தொடரும். முன்பு சில பள்ளிகள் பப்ளிக் இருக்கும்போதே பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ஒன்றரை வருடம் பிளஸ் டூ நடத்தின, இனிமேல் கேட்கவே வேண்டாம். ஜேஇஇ எழுதுகிற எண்ணம் இருந்தால் அதில் இரண்டு வருடப் பாடமும் வரும். சார் நேரடி பிளஸ் டூ அட்மிஷன் போடுவதே இல்லை. ஜூன் மாதம் ஒரு அப்பா கூடக் கொஞ்சம் பணம் தருகிறேன் என்று படியிலேயே நின்று கெஞ்சினார், நடக்கவில்லை.

பிளஸ் டூ பேப்பர் பற்றித் தெரியாதவர்களுக்கு: எழுத்துத் தேர்வு 90, பள்ளி போடும் அகமதிப்பீடு 10. ஒரு மார்க் 20, இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு, ஐந்து மார்க் ஏழு, ஒவ்வொன்றிலும் இது அல்லது அது. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் கடைசிக் கேள்வி கட்டாயம், அந்தக் கம்பல்சரிதான் சென்டம் போகிற பிள்ளைகளைக் கவிழ்க்கிற இடம், புத்தகத்தில் இல்லாத மாதிரி திருப்பிக் கேட்பார்கள். என் காலத்தில் 200 மார்க், கணக்கில் 200க்கு 200 என்றால் ஊரே பேசும். இப்போது 100தான், ஆனால் இன்ஜினியரிங் கட்-ஆஃபில் கணக்கு முழுதாக எண்ணப்படும், பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி. கணக்கு 94, பிசிக்ஸ் 90, கெமிஸ்ட்ரி 88 என்றால் 94, 45, 44, மொத்தம் 183. கணக்கில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒரு மார்க் போச்சு, பிசிக்ஸில் போனால் அரைதான். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் பிளஸ் ஒன் ஆரம்பத்திலேயே யாராவது சொல்லித் தரவேண்டும்.

ஒரு மார்க் விஷயத்தில் சார் கெடுபிடி. விடையின் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதவேண்டும், வெறும் அ, ஆ என்று போட்டால் அவர் டெஸ்ட்டில் பூஜ்யம். ஐந்து மார்க்கில் ஸ்டெப் விட்டாலும் அதே கதை. மூன்று மணி நேர டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை காலை, புதன்கிழமை பேப்பர் கையில். என் பெண்ணின் முதல் பேப்பரில் மார்க்கை விடச் சிவப்பு மைதான் அதிகம். எந்தப் பாடத்தை முதலில் கெட்டியாகப் பிடிக்கவேண்டும் என்றும் சொல்லித் தந்தார்: அணிகள், கலப்பெண், கடைசியில் இருக்கிற தனிநிலைக் கணிதம். கடைசிப் பாடம் என்று பலர் அதைத் தொடுவதே இல்லை, ஆனால் மெய் அட்டவணை (ட்ரூத் டேபிள்) போடத் தெரிந்தால் அங்கே அள்ளலாம். வெக்டரைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்த இடமில்லை, சர்வீஸ் ரோட்டில் நிறுத்திவிட்டு நடக்கவேண்டும், மழை நாளில் அங்கே தண்ணீர் நிற்கும். நாற்பது பேருக்கு ஒரே பாத்ரூம், பெண் பிள்ளைகளுக்கு அது கஷ்டம், நான் இரண்டு முறை சொன்னேன், பார்க்கலாம் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் டவுட் கேட்க முடியாது, சாரிடம் பட்டன் போன். வகுப்பு விட்டுப்போனால் வீடியோ கிடையாது, தோழியின் நோட்டைத்தான் எடுத்துவரவேண்டும், எனக்கு அதில் வியாபாரம், அது வேறு விஷயம். ஜேஇஇ மாதிரியான தேர்வுக்கு இது போதாது, சாரே அதைச் சொல்லிவிடுவார். சிபிஎஸ்இ பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. வேலப்பாடி, பாகாயம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள், வகுப்பு முடிய இரவு எட்டரை ஆகும், சில நாள் ஒன்பதும் ஆகும். பெண் பிள்ளை என்றால் யாராவது வந்து அழைத்துப்போகவேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்தியது. புத்தகத்துக்கு வெளியே இருந்து வருகிற கேள்விகளுக்குப் பயிற்சி கடைசி இரண்டு மாதத்தில்தான் கொடுத்தார். அடிப்படை சரியாக இருந்தால் தானாக வரும் என்பது அவர் வாதம். நூற்றுக்கு நூறு எதிர்பார்க்கிற பிள்ளைக்கு அது பத்தாது. என் பெண் பப்ளிக்கில் 94. அந்த மூன்று மார்க் கம்பல்சரியில்தான் மாட்டினாள், ஐந்து மார்க் ஒன்றில் கூட்டலில் தப்பு. அரையாண்டு முடிந்ததும் வேறு ஒரு இடத்தில் டெஸ்ட் பேட்ச் மட்டும் சேர்த்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று கூடியிருக்கும் என்று வீட்டம்மா இன்னும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் 50க்கு 11ல் ஆரம்பித்தவள். இப்போது இன்ஜினியரிங் முதல் வருடக் கணக்கில் பயமில்லாமல் இருக்கிறாள், போன மாதம் விடுமுறைக்கு வந்தபோது கடையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கு இன்டக்ரேஷன் சொல்லிக்கொடுத்தாள், விடையைச் சொல்லாமல், "மூணாவது வரி, திரும்பப் படி" என்று.

யாருக்குச் சரிவரும் என்று கேட்டால், பத்தாவது பப்ளிக் முடிந்ததும் ஏப்ரலிலேயே பேசிவைத்து, பிளஸ் ஒன்னிலிருந்து இரண்டு வருடம் போகத் தயாராக இருக்கிறவர்களுக்கு. முதல் வருடம் மாதம் 1,200, பிளஸ் டூவில் 1,500 கொடுத்தேன், மொத்தமாகக் கட்டச் சொல்லி நெருக்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பாதிதான் வாங்குகிறார், அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை, கடைக்கு வருகிற பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும். மூன்று மாதத்தில் மார்க் ஏறவேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது, இரண்டு பக்கமும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

என் பையன் இந்த வருடம் பிளஸ் ஒன் போகிறான். போன சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அக்கா படித்த இடம் என்று கெத்தாகப் படியேறினான். சார் ஒரு தாளில் பத்து பின்னக் கணக்கு எழுதிக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்தார். கால் மணி நேரம். திருத்திக் கொடுத்தபோது பத்துக்கு நாலு. "திங்கக்கிழமை ஆறு மணிக்கு வந்துடுப்பா, கோடு போடாத லாங் சைஸ் நோட்டு ரெண்டு எடுத்துக்கினு வா" என்றார். இறங்கும்போது கைப்பிடி சுட்டது, பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.